கனமான குண்டுக்கு எவ்வளவு மருந்து

1.

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. இது ஒரு கடிதம். பெறுநர், சரக்கு வாங்கும் ஒரு வெளிநாட்டு பையர். அனுப்புநர், திருப்பூர் நெருப்பெரிச்சலில் உள்ள ஒரு பனியன் கம்பெனி. பொருள்: ஆயிரத்து இருநூறு டீ-சர்ட்டுகளின் முதுகில் அச்சாகிவிட்ட ஓர் அட்டவணை. மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் இரண்டாவது பத்தியிலேயே ஆட்கள் வந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்கள் பேசினால் அது கடிதமாகாது என்று மூலனூர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே, வேறு வழியில்லாமல், கதை.

திருப்பூரில் எல்லோருக்கும் மெயில் அனுப்பத் தெரியும். ஆனாலும் சில கடிதங்களுக்கு என்னிடம்தான் வருவார்கள். ஷிப்மெண்ட் தாமதம், சாயம் ஒட்டிக்கொண்டது, கழுத்து இறங்கிவிட்டது, இப்படி. "தப்புன்னு எழுதாதீங்க. ஆனா படிச்சா அவருக்குக் கோவம் வரக்கூடாது" என்பார்கள். இத்தனை வருடத்தில் நான் எழுதிய கடிதங்களில் திருப்பூர் ஒரு தப்பும் செய்ததில்லை.

அன்று காலை கோமளா வந்தபோதும் அதைத்தான் கேட்பாள் என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன்.

"அண்ணா, தப்புன்னே எழுதுங்க. என்ற தப்புன்னு எழுதுங்க. வெரசா எழுதுங்க, நாளன்னிக்குக் காலையில வண்டி வந்துரும்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

2.

கதைக்குத் தொடக்கம் வேண்டும். எழுதிப் பார்த்தவை:

(அ) 'மான் வேட்டைப் பருவம் தொடங்க இன்னும் ஐந்து வாரமே இருந்தபோது, பனி மூடிய அந்தக் காட்டின் ஓரத்தில் —'

எந்தக் காடு? நான் பார்த்த காடு முதுமலை, அதுவும் பஸ் ஜன்னலிலிருந்து. விட்டுவிட்டேன்.

(ஆ) 'அந்த மான் தலையைத் தூக்கி —'

மான் இந்தக் கதையில் வரவே போவதில்லை. இவ்வளவு பேர் அதற்காக இவ்வளவு யோசிக்கிறார்கள், அதனிடம் ஒருவரும் அப்ரூவல் வாங்கவில்லை. அது பாட்டுக்கு மேயட்டும்.

(இ) 'கோமளாவுக்கு முப்பத்தாறு வயது. அடுத்தவர் செய்த தப்பை அவருக்கே தெரியாமல் திருத்திவிடுவதில் அவள் —'

இதுதான் சரியான தொடக்கம். இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த அட்டவணையைச் சொல்லியாக வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

3.

கோமளா அந்தக் கம்பெனியின் மெர்ச்சண்டைசர். அதாவது பையர் கேட்பது என்ன, கம்பெனி செய்வது என்ன என்ற இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை.

பையர் பெயர் டெனிஸ். அவருடைய ஊரில் ஒரு மான் வேட்டைக் கிளப். பருவம் தொடங்கும் விருந்தில் ஆளுக்கொரு டீ-சர்ட். ஆலிவ் பச்சை, துணியின் கனம் நூற்றெண்பது ஜிஎஸ்எம், முதுகில் டெனிஸின் காலஞ்சென்ற அப்பா கைப்பட எழுதிவைத்த அட்டவணை. அதன் தலைப்பு 'டீர் லோடு', அதாவது மானுக்கான தோட்டாக் கணக்கு. முதலாளி கிட்டுசாமி அதைப் பார்த்துவிட்டு, "எத்தனை லோடாம்? நாம ஒரே லோடாத்தானே அனுப்பறோம்?" என்று கேட்டார். நூற்றைம்பது, நூற்றறுபத்தைந்து, நூற்றெண்பது என்ற எண்களைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. மூன்று ஜிஎஸ்எம்மில் துணி கேட்கிறான் என்று நினைத்துவிட்டார்.

கோமளா, 'கை நீளத்தை உறுதி செய்யவும்' என்று டெனிஸுக்கு ஒரு வரி எழுதினாள். பதிலுக்கு மூன்று பக்கம் வந்தது. கை நீளம் அதில் இல்லை. அப்பா மான் சுடத் தோட்டா தேர்ந்தெடுத்த கதை இருந்தது.

சுருக்கிச் சொல்கிறேன். அவர் கடையில் விற்கும் தோட்டாவை வாங்க மாட்டாராம். பாக்கெட் மசாலா வாங்காமல் வீட்டிலேயே மிளகாய் மல்லி வறுத்துத் திரிப்பவர்கள் இல்லையா, அந்த ரகம். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைக் கழுவி, அடியில் பொறி தரும் புதிய கேப்பு வைத்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, வாயில் குண்டைச் சொருகி, தோட்டாவைத் தாமே செய்வார். குண்டில் மூன்று எடை. லேசான குண்டு வேகமாக, நேராகப் போகும். வெட்டவெளிக்கு நல்லது, ஆனால் கிட்டத்தில் பட்டால் கறி சிதறிப் பாழாகும். கனமான குண்டு மெதுவாகப் போகும், ஆழமாக இறங்கும். பெரிய மிருகத்துக்கு ஆகும். பதினொரு வருடம் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்து, கடைசியில் நடுவில் உள்ளதே தன் காட்டுக்கும் தன் கண்ணுக்கும் போதும் என்று அவர் முடிவு செய்தாராம்.

"நாங் கேட்டது கை நீளம்" என்று கோமளா திரையைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பா எழுதியபடி அட்டவணை இது:

லேசு: 150 கிரெய்ன் குண்டு, மருந்து ■■
நடு: 165 கிரெய்ன் குண்டு, மருந்து ■■
கனம்: 180 கிரெய்ன் குண்டு, மருந்து ■■

(மருந்தின் அளவு அவர் தாளில் தெளிவாகவே இருந்தது. கறுப்படித்தது நான். காரணம் ஏழாவது பகுதியில் வரும்.)

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கனமான குண்டுக்கு மருந்து குறைவு. எனக்கும் இது முதலில் தலைகீழாகத்தான் பட்டது. ஆனால் கனமான குண்டு சட்டென்று நகராது. பின்னால் மருந்து எரிகிறது, அழுத்தம் ஏறுகிறது, போக வழியில்லை. குக்கர் வெயிட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்பைக் கூட்டினால் என்ன ஆகுமோ அது. குக்கர் இருக்கும் இடத்தில் துப்பாக்கி. அதை ஒட்டி ஒரு மனிதனின் கன்னமும் கண்ணும்.

4.

[இங்கே கோமளாவின் வீடு, அவள் கணவர், மகள் அக்ஷராவின் டியூஷன் என்று ஒன்றரைப் பக்கம் இருந்தது. அவள் நல்லவள் என்று காட்டுவதற்காக எழுதியது. கதாபாத்திரம் தப்பு செய்யப்போகும்போது எழுத்தாளன் முன்கூட்டியே நற்சான்று எழுதிக் கொடுப்பது புகாருக்குப் பதில் எழுதும் கடிதத்தில் நான் செய்யும் வேலை. இங்கே வேண்டாம்.]

5.

டெனிஸ் அனுப்பும் தாள்களில் எப்போதும் தப்பு இருக்கும். ஒரு முறை மார்பளவும் இடுப்பளவும் மாறி வந்தன. ஒரு முறை சிவப்பு என்று எழுதி நீலத்தைக் காட்டியிருந்தார். இரண்டையும் கோமளா சத்தமில்லாமல் திருத்தினாள். கம்பெனியில் அவளுக்கு அதில் ஒரு பெயரே உண்டு.

இந்த அட்டவணையைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. கிரெய்ன்! டிப்ளமோ படிக்கும்போது ஒரு மாதம் நூல் மில் லேபில் பயிற்சிக்குப் போனவள் அவள். அங்கே கேட்ட சொல். நூல் எந்த நம்பர் என்று கண்டுபிடிக்கக் கிரெய்னில்தான் நிறுப்பார்கள். திருப்பூரில் நூல் என்றால் நம்பர், நம்பர் என்றால் நூல். இருபதாம் நம்பர் தடிமன், நாற்பதாம் நம்பர் மெலிசு. எண் ஏறினால் கனம் இறங்கும். இது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

கிரெய்னும் நம்பர்தானே, அப்படியானால் நூற்றெண்பதுதான் லேசு, நூற்றைம்பதுதான் கனம். கிழவர் மாற்றி எழுதிவிட்டார். பாவம், வயதான காலம்.

எண்களை மேலும் கீழுமாக மாற்றினாள். லேசு, கனம் என்ற சொற்களும் மருந்தளவும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதாவது, நூற்றெண்பது கிரெய்ன் குண்டுக்கு நேராக இப்போது இருப்பதிலேயே அதிக மருந்து. கையெழுத்துப் போட்டு டெனிஸுக்கு அனுப்பினாள். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: ஓகே, பிரமாதம். அப்பாவின் எழுத்தைப் பார்த்த மகன், எண்ணைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் நான் கோமளாவை நிறுத்திக் கேட்டேன். "ஒரு தடவை நெட்ல தேடிப் பாத்திருக்கலாமே?"

"தெரியாததைத்தானுங்கண்ணா தேடுவாங்க" என்றாள். "எனக்குத்தான் தெரியுமே."

6.

அச்சு முடிந்து, துணி தைத்து, டீ-சர்ட் செக்கிங் மேசைக்கு வந்தது. பிசிறு வெட்டிக்கொண்டிருந்த மருதாள் ஒன்றைத் தூக்கி விரித்துப் பிடித்தார். ஐம்பத்தைந்து வயது; செக்கிங்குக்கு வருவதற்கு முன் எட்டு வருடம் மில் லேபில் இருந்தவர்.

"ஏங்கண்ணு, இதென்ன துப்பாக்கிப் பனியனா?"

"ஆமாங்க்கா. மான் சுடறதுக்கு."

"பனியனை வெச்சா?"

மேசை முழுக்கச் சிரித்தது. கோமளாவும் சிரித்தாள். அதுதான் அவள் அன்று கடைசியாகச் சிரித்தது.

"ஆமா, இந்தக் கிரெய்னு நம்ம மில்லுக் கிரெய்னுதான?"

"அதேதானுங்க்கா."

"அப்பறம் மாத்திப் போட்டிருக்கறீங்க? நூத்தியெம்பது லேசுங்குது, நூத்தம்பது கனங்குது."

"நம்பர் ஏறுனா மெலிசுதானுங்க்கா?"

"அது நூலு நம்பருக்குக் கண்ணு. கிரெய்னு எடையல்ல! நாப்பதாம் நம்பரு ஒரு லீ சுத்தித் தராசுல வெச்சா இருவத்தஞ்சு கிரெய்னு நிக்கும். இருவதாம் நம்பரு அம்பது நிக்கும். எட்டு வருசம் நிறுத்தவகிட்ட வந்து சொல்றியே."

(லீ என்பது நூற்றிருபது கெஜம் நூல். மருதாள் சொன்னதை வைத்து நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்றைம்பது கிரெய்ன் குண்டு, இருபதாம் நம்பர் நூலில் மூன்று லீ. முந்நூற்றறுபது கெஜம். ஒரு மானைக் கொல்வதற்கு அவ்வளவு நூலின் எடை போதும். இதைக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.)

அங்கே கட்டி வைத்திருந்த பண்டல் மேல் உட்கார்ந்து கோமளா போனை எடுத்தாள். அப்புறம்தான் நெட்டில் தேடினாள். ஒரு வேட்டைக்காரர் எழுதியிருந்தார்: பட்டியலை மாற்றிப் படித்த நண்பனுக்கு ஒரு கண் போயிற்று, மூன்று விரல் போயிற்று.

உடனே டெனிஸுக்கு மெயில் அனுப்பினாள். உடனே பதிலும் வந்தது, தானாக வரும் பதில்: 'காட்டில் இருக்கிறேன், சிக்னல் கிடையாது, மூன்று வாரம் கழித்துப் பார்க்கிறேன்.' சரக்குப் பெட்டிகளோ டெனிஸிடம் போவதில்லை. நேராகக் கிளப்புக்குப் போகின்றன. யாரோ பிரிப்பார்கள், யாரோ போட்டுக்கொள்வார்கள்.

அவள் முதலாளியின் அறைக்குப் போனாள். கிட்டுசாமி முழுக்கக் கேட்டார். கெட்ட மனிதரில்லை. (திரும்பவும் நற்சான்று. சரி, இதை அடிக்கவில்லை.)

"ஓகேன்னு மெயில் இருக்குதா?"

"இருக்குதுங்."

"பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வெய்யி. முடிஞ்சுது. பனியனைப் பாத்து எவனாச்சும் துப்பாக்கிக்கு மருந்து போடுவானா கோமளா? சமையல் குறிப்பு அச்சடிச்சா அதைப் பாத்து ஊட்டுல சோறாக்குவாங்களா?"

"போன வருசம் யோகா பனியன் போட்டமே, அதைப் பாத்து நீங்க இந்த ரூமுக்குள்ளயே தலைகீழா நின்னீங்களே. இடுப்புப் புடிச்சு நாலு நாளு படுத்திருந்தீங்களே."

கிட்டுசாமி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"அது வேற."

"எப்படிங்க வேற?"

"பாரு கண்ணு. மறுபடி அடிக்கத் துணி இல்ல, நாளும் இல்ல. நீயே போய் என்ற தப்புன்னு சொன்னா, நாளைக்கு எந்த பையர் உன்ற கையெழுத்தை நம்புவான்? கையெழுத்தை யாரும் நம்பாத மெர்ச்சண்டைசரை வெச்சு நான் என்ன பண்றது? நீயே சொல்லு."

அவள் கதவைத் திறந்து வெளியேறினாள். அங்கிருந்துதான் என்னிடம் வந்தாள்.

7.

ஆக, கடிதம். டெனிஸுக்கு ஒன்று, கிளப்புக்கு ஒன்று.

முதல் வரைவு: 'தங்கள் கவனத்திற்குச் சிறு தெளிவு ஒன்றைக் கொண்டுவர விரும்புகிறோம்.'

"தெளிவு இல்லீங்கண்ணா. தப்பு."

இரண்டாம் வரைவு: 'எதிர்பாராத விதமாக ஏற்பட்ட —'

"ஏற்படலீங்கண்ணா. நான் பண்ணுனேன்."

கை ஓடவில்லை எனக்கு. இப்படி எழுதிப் பழக்கமே இல்லை. மூன்றாவதில் அட்டவணையை அப்படியே எடுத்தெழுதி, எது தப்பு எது சரி என்று விளக்கப் போனேன். எழுதிய பிறகு என் பழைய விதி நினைவுக்கு வந்தது: திருத்தக் கடிதத்தில் தவறான எண்ணைத் திரும்ப எழுதக் கூடாது. அவசரத்தில் படிப்பவன் கண்ணுக்கு எண் மட்டும்தான் தெரியும், 'இது தவறு' என்பது தெரியாது. புதுத் தாள் எடுக்கச் சோம்பல். மார்க்கரை எடுத்து மருந்தளவின் மேல் கறுப்பாகத் தேய்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பெட்டி.

கோமளா எட்டிப் பார்த்தாள். "இதென்னுங்கண்ணா, கறுப்பா?"

விதியைச் சொன்னேன். அவள் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"தெரியுதுங்களே."

"இன்னொரு தடவை தேய்ச்சா தெரியாது."

"ரெண்டு கோட்டு" என்றாள். என்னிடம் இல்லை, தனக்கே. கடிதத்தை அப்படியே மேசையில் போட்டுவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

(இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் புதுத் தாள் எடுக்காததுதான்.)

8.

பிரிண்டிங் மாஸ்டர் சனாவுல்லா டீ-சர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தைச்சு முடிச்ச பீஸ் மேல பெட்டி அடிக்கச் சொல்றீங்க. முதுகுல பட்டை நாமம் மாதிரி நிக்கும் மேடம்."

"நிக்கட்டும் பாய்."

"தொவைச்சா பிரிண்ட் வெடிக்கும்."

"வெடிக்கக் கூடாது. வெடிச்சா உள்ள இருக்கற நம்பர் தெரிஞ்சுரும். அதுக்குத்தான இத்தனையும்."

"இழுத்தா விரியற பேஸ்ட் போட்டு ரெண்டு கோட் அடிக்கோணும். நாளைக்குச் சாயந்தரம் ஆயிரும்." கொஞ்சம் யோசித்தார். "ஒன்னு பண்ணலாமா? அட்டவணை மொத்தத்தையுமே மூடிரலாம். ஒரே பெரிய பெட்டி. எண்ணு மாறுனதும் தெரியாது. உங்க தப்பும் உள்ள போயிரும்."

கோமளா டீ-சர்ட்டை வாங்கி அட்டவணையைப் பார்த்தாள்.

(நானாக இருந்தால் சரி என்றிருப்பேன். வாசகர் நீங்களும்தான், பொய் சொல்லாதீர்கள்.)

"வேண்டாம் பாய். மருந்தை மட்டும் மூடுங்க."

"நூத்தியெம்பது லேசுன்னு இருக்குமே. பாக்கறவனெல்லாம் சிரிப்பான்."

"சிரிச்சா கண்ணு போகாது."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. செத்துப்போன ஒருவரின் கையெழுத்தை மொத்தமாக அழிக்க மனம் வரவில்லை என்று எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. அவளிடமே கேட்டேன். "பெரிய பெட்டின்னா முதுகு வேர்க்குமுங்கண்ணா, போடமாட்டாங்க" என்றாள். இரண்டில் எது உண்மை என்று நான் பார்க்கப் போவதில்லை.

மறுநாள் மத்தியானம் பிரிண்டிங் மேசைக்குக் கிட்டுசாமி வந்து சேர்ந்தார். காய்ந்துகொண்டிருந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு அடிக்கறீங்க?"

சனாவுல்லா கோமளாவைப் பார்த்தார். கோமளா, "நான் கையெழுத்துப் போட்டிருக்கறனுங்க" என்றாள்.

கிட்டுசாமி டீ-சர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார். எண் தெரியவில்லை. கீழே வைத்துவிட்டு, "பையர் வாயைத் திறக்கட்டும், பொறவு உன்ற விசயத்தைப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி மறுநாள் காலை போயிற்று. இரண்டு கடிதமும் போயின, 'நான் செய்த தவறு' என்ற வரியோடு, அவள் பெயரில். டெனிஸின் பதில் வந்தது, பழையபடி தானாக: 'காட்டில் இருக்கிறேன்.'

9.

முடிவுகள்.

(அ) டெனிஸ் காட்டிலிருந்து வருகிறார். அப்பாவின் எழுத்தில் மூன்று கறுப்புப் பெட்டி. கொதித்துப்போய் மொத்தத்தையும் திருப்பி அனுப்புகிறார். அந்த டீ-சர்ட்டுகள் மலிவு விலைப் பனியன் சந்தையான காதர்பேட்டையில் குவியலாகக் கிடக்கின்றன. ஏதோ ஊரில் யாரோ ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்கிறார். கோமளா வேறு கம்பெனிக்கு பயோடேட்டா கொடுக்கிறாள், அதற்கும் ஆங்கிலக் கடிதம் நான்தான் எழுதுகிறேன்.

(ஆ) கிளப்பில் எல்லோரும் பெட்டிக்குள் என்ன எண் என்று ஒருவரை ஒருவர் கேட்டுச் சிரிக்கிறார்கள். கிழவர் தன் ரகசியத்தைச் செத்த பிறகும் விட்டுக்கொடுக்கவில்லை என்கிறார்கள். அடுத்த வருடம் இரண்டு மடங்கு ஆர்டர், பெட்டியோடு. இந்த முடிவு கிட்டுசாமிக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆகவே எனக்கு நம்பிக்கையில்லை.

(இ) ஒன்றும் நடக்கவில்லை. எங்கோ ஒருவர் அந்த டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டு தன் மேசையில் உட்காருகிறார். கூட்டைக் கழுவுகிறார். குண்டைக் கையில் உருட்டிப் பார்க்கிறார். மருந்து எவ்வளவு என்று சந்தேகம் வருகிறது. நாற்காலி முதுகில் கிடக்கும் நண்பரின் டீ-சர்ட்டைப் பார்க்கிறார், பெட்டி. "சே" என்று எழுந்து போய் மருந்தளவுப் புத்தகத்தை எடுக்கிறார். அவருக்கு இரண்டு கண் இருக்கிறது. அது ஒரு விசேஷம் என்று அவருக்குத் தெரியாது. கோமளாவுக்கும் தெரிய வராது. டெனிஸின் பதிலுக்காகக் காத்திருக்கும் அவளிடம், 'இது நடக்காமல் போயிற்று' என்று எந்த பையரும் மெயில் அனுப்ப மாட்டார்.

இதை நான் எப்படி எழுத? போன கண்ணை எழுதலாம், போகாத கண்ணை எழுத எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை.

டெனிஸ் திங்கட்கிழமை காட்டைவிட்டு வருகிறார். கோமளா ஒரு நாளைக்கு நாற்பது தடவை மெயிலைத் திறக்கிறாள். என்னிடம், "கதையில நீங்க என்னன்னுங்கண்ணா முடிச்சிருக்கறீங்க?" என்று கேட்டாள். காட்டினேன். நீங்களும் பாருங்கள்.

முடிவு: ■■■■■■■■

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பிரயோஜனமில்லை. இரண்டு கோட்.